மலைநாட்டில் மூச்சுப் பயிற்சி வந்த வழி

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து புதிதாகச் செல்பவர் நாற்பது படி ஏறினால் மேல்மூச்சு வாங்குவார். அம்மலையிலேயே பிறந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, செங்குத்தான சரிவிலே நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண் அவ்விதம் திணறுவதில்லை. மூச்சை அளந்து செலவிட அவள் உடல் தானே கற்றுக்கொண்டுள்ளது. அந்த அளவையே ஒரு சாத்திரமாக வளர்த்தது நம் முன்னோரின் யோகநெறி. இவ்விரண்டும் மலைநாட்டில் எங்கே சந்தித்தன, எங்கே சந்திக்கத் தவறின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

யோகம் தமிழருக்கு இரவல் சரக்கன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றார். 16 மாத்திரை உள்வாங்கி, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளிவிடும் கணக்கு அங்கேயே காணப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் இந்நூலைக் கையில் கொண்டுவரவில்லை. மாரியம்மனையும், காமன் கூத்தையும், தீமிதிக்கு முன் காக்கும் நோன்பையும், சிலம்பத்தின் மூச்சடக்கத்தையும் கொண்டுவந்தனர். சித்தர் வழிபாடும் உடன் வந்தது. நாவலப்பிட்டியை அடுத்த குயின்ஸ்பரித் தோட்டத்தில் நவநாத சித்தரின் சமாதி இருப்பது இதற்குச் சான்று.

முறையான யோகப் போதனை வேறு வழியாக வந்தது. 1897 சனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, புகைவண்டியில் கண்டிக்குச் சென்றார். இராஜயோகம் பற்றிய அவரது நூல் அதற்கு முந்திய ஆண்டுதான் வெளிவந்திருந்தது. ஆயினும் அவர் கண்டியிலிருந்து மாத்தளை வழியாக அனுராதபுரத்தையும் யாழ்ப்பாணத்தையும் நோக்கிச் சென்றார். அற்றனையும் நுவரெலியாவையும் அவர் பாதை தொடவில்லை.

தோட்டத்தை நேரில் அறிந்திருந்த துறவி வேறொருவர். பத்தமடையிலே 1887இல் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர் 1913இல் மலாயா சென்றார். சிரம்பானுக்கு அருகே ஓர் இரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையை நடத்தி, கூலித் தமிழரின் நோய்களைக் கண்ணாரக் கண்டார். 1923இல் அவ்வாழ்வைத் துறந்து பின்னர் ரிஷிகேசத்தின் சிவானந்தராகிய அவர், 1950இல் தம் பாரத யாத்திரையின்போது இலங்கைக்கும் வந்தார். அவருடைய எளிய உபதேச நடையிலே தோட்ட வைத்தியரின் குரல் கேட்கின்றது என்பது என் கருத்து.

அவர் 1953இல் இலங்கைக்கு அனுப்பிய சீடரே சச்சிதானந்தர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த இவர், கண்டியில் தபோவனம் அமைத்து ஆசனமும் பிராணாயாமமும் தியானமும் கற்பித்தார். 1966இல் அமெரிக்கா சென்றார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கி வைத்து, இலட்சக்கணக்கான இளைஞர்முன் பேசினார். கண்டி மலைகளில் முதிர்ந்த போதனை அத்தலாந்திக் கடலைக் கடந்து சென்றது. ஆனால் கண்டியைச் சூழ்ந்த மலைகளின் லயங்களுக்குள் அது எவ்வளவு தூரம் சென்றது? கடைவீதியிலும் கல்லூரியிலும் இருந்தோரே பெரும்பாலும் அதன் மாணாக்கராயினர் என்று சொல்லவேண்டியுள்ளது.

இவ்விடத்தில் ஓர் ஆண்டினை நாம் மறத்தலாகாது. 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அதே ஆண்டில் நாவலப்பிட்டியிலிருந்து நா. முத்தையா 'ஆத்மஜோதி' என்னும் திங்களிதழை வெளியிடத் தொடங்கினார். மகான்களின் வரலாறும் அகநோக்கும் பற்றிய செய்திகளைத் தமிழிலேயே தந்த ஏடு அது. கொழும்பும் யாழ்ப்பாணமும் இருக்க, மழை ஓயாத ஒரு மலை நகரம் அதற்குப் பிறப்பிடமாயிற்று. உரிமையிழந்த மக்களிடையே பிறந்த ஏடு உள்ளொளியைப் பேசியதை ஆறுதல் என்பதா, ஒதுங்கல் என்பதா? நான் ஆறுதல் என்றே கொள்கின்றேன். ஆயினும் தமிழில் எழுதப்பட்ட அவ்வாறுதலைப் படிக்கவும் பள்ளிப் படிப்பு வேண்டியிருந்தது.

நுவரெலியாவில் காயத்திரி பீடம் நிறுவிய முருகேசு சுவாமிகள் அந்த இடைவெளியை ஓரளவு குறைத்தார். அவர் சென்னை அம்பத்தூர்க் கண்ணையா யோகியின் மாணாக்கர். மந்திரத்தையும் மூச்சையும் இணைக்கும் தமிழ்ச் சித்தர் மரபை அவர் மலையுச்சிக்கே கொண்டுவந்தார்.

இனி, பயிற்சியைப் பற்றிச் சிறிது. பழைய நூல்களை அப்படியே லயத்தில் கொண்டுபோய் வைக்க இயலாது. யோகியின் குடில் நெருப்பும் நீரும் அணுகாத இடத்தில் அமைதல் வேண்டும் என ஹடயோகப் பிரதீபிகை விதிக்கின்றது. லயத்துக் காம்பிராவிலோ அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ். விறகுப் புகையிடையே ஒருவரை மூச்சடக்கச் சொல்லுதல் அறிவுடைமையன்று. ஆனால் சூக்ஷ்ம வியாயாமம் எனப்படும் நுண்பயிற்சி வேறு வகையினது. தில்லியில் தீரேந்திர பிரம்மசாரி பரப்பிய இம்முறையில் கழுத்து, தோள், மணிக்கட்டு, விரல், முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்து, மூச்சை அவ்வசைவோடு பொருத்தி, மனத்தை அவ்வுறுப்பிலேயே நிறுத்துவர். விரிப்பும் வேண்டாம், அகன்ற கூடமும் வேண்டாம். கூடைக் கயிறு இழுக்கும் கழுத்து, கொழுந்து கிள்ளும் விரல், சரிவிலே உடலைத் தாங்கும் முழங்கால் என்று எண்ணிப் பாருங்கள். கவ்வாத்து வெட்டுபவரின் மணிக்கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்பயிற்சி தொடும் உறுப்புகள் அனைத்தும் தோட்டவேலை வருத்தும் உறுப்புகளே. மருந்துக்கு இது மாற்றாகாது. ஆயினும் வெட்டவெளியில், தேயிலைத் தூர்களின் இடையே நின்றபடியே செய்யத்தக்கது.

2015 முதல் ஆண்டுதோறும் சூன் 21ஆம் நாள் அனைத்துலக யோகா தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இலங்கையிலும் விழாக்கள் நடைபெறுகின்றன. யோகத்திற்குக் காலைப்பொழுதே உகந்தது என்பர். வேலைநாளாயின், அதே காலைப்பொழுதில்தான் பிரட்டுக்களத்தில் பெயர் பதிவாகின்றது.