பங்கும் கட்சியும்: அமெரிக்கக் கத்தோலிக்க வாக்கின் வரலாறு

1960இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் கென்னடிக்குக் கத்தோலிக்கரில் 78 விழுக்காட்டினர் வாக்களித்ததாகக் கேலப் கணிப்பு காட்டுகிறது. 2004இல் அதே கட்சி மற்றொரு கத்தோலிக்கரான ஜான் கெரியை நிறுத்தியது. வாக்குச்சாவடிக் கணிப்பின்படி அவருக்குக் கத்தோலிக்கரிடையே கிடைத்தது 47 விழுக்காடே. மெதடிஸ்டான ஜார்ஜ் புஷ் 52 பெற்றார். கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பே இப்பிரிவுக்கு வித்திட்டது என்பர். இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது.

தீர்ப்புக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1956இல், குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்குக் கத்தோலிக்கரில் 49 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1972இல் நிக்சன் 52 பெற்றார். இவ்விருவரும் நாட்டளவில் முறையே 57, 61 விழுக்காடு பெற்றவர்கள். எனவே ஜனநாயகக் கட்சிப் பக்கம் கத்தோலிக்கருக்குச் சாய்வு எஞ்சியிருந்தது உண்மை. ஆனால் கட்டுப்பாடான ஒருமித்த வாக்கு அப்போதே இல்லை. கென்னடி பெற்ற 78 வழக்கமான அளவு அன்று. தம்மவர் ஒருவர் முதன்முறையாக அதிபராகும் வாய்ப்பு எழுப்பிய உச்சம். எஞ்சிய சாய்வு மறைந்ததில் கருக்கலைப்புக்குப் பங்கு உண்டு எனலாம். கத்தோலிக்கருக்கும் அக்கட்சிக்கும் இருந்த பிணைப்பு தளர்ந்ததற்கு அது முதற்காரணம் ஆகாது.

அப்பிணைப்பு மறைக்கல்வியில் பிறந்ததன்று. நியூயார்க், பாஸ்டன், சிகாகோவில் குடியேறிய ஐரிஷ், இத்தாலிய, போலந்து உழைப்பாளிகளுக்குப் பங்கு ஆலயமும் தொழிற்சங்கமும் கட்சியின் வட்டாரத் தலைவரும் ஒரே தெருவில் இருந்தனர். வேலைக்கும் உதவிக்கும் அவர்கள் நாடியது நியூயார்க்கின் டாமனி ஹால் போன்ற கட்சி அமைப்புகளையே. 1928இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற கத்தோலிக்கர் ஆல் ஸ்மித்தின் சமயம் தூற்றப்பட்டது அவர்களை மேலும் ஒன்றுசேர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்த 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் அந்த உறவுக்கு உரமிட்டது. போருக்குப் பின் நிலை மாறியது. போர்வீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிப் படிப்பையும் வீட்டுக் கடனையும் அளித்தது. அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆலயம் உடன் வந்தது. சங்கமும் வட்டாரத் தலைவரும் பழைய தெருவிலேயே தங்கிவிட்டனர்.

சமயத்தைவிட வாழ்நிலையே வாக்கை வழிநடத்துகிறது என்பதற்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2020இல் பைடன், டிரம்ப் இருவரிடையே வெள்ளையினக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் டிரம்பையும், லத்தீன் அமெரிக்க வழிவந்த கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் பைடனையும் ஆதரித்தனர். இரு சாராருக்கும் திருப்பலி ஒன்று, விசுவாச அறிக்கை ஒன்று. வாழ்நிலையும் குடியேற்ற வரலாறும் வேறு.

திருச்சபையின் போதனையோ எக்கட்சிக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. கருவிலுள்ள உயிரைக் காக்கச் சொல்லும் அதுவே, குடியேறியவரை வரவேற்கவும் தூக்குமேடையை அகற்றவும் சொல்கிறது. ஆகவே ‘கத்தோலிக்க வாக்கு’ என்ற ஒற்றைப் பிரிவை ஆய்வாளர் கைவிட வேண்டும். வாக்காளர் எந்தத் தெருவில், எந்தத் தொழிலில், எத்தனையாவது தலைமுறையில் வாழ்கிறார் என்பதிலிருந்தே ஆய்வு தொடங்க வேண்டும்.