குதிரை மாறும், சேணம் மாறாது: 60 விசைகளின் கதை

போன மாசம் எங்க டீம்ல இருக்கற நண்பன் ஒருத்தன் என் டெஸ்க் பக்கம் வந்தான். இடது கை சுண்டுவிரலைத் தேய்ச்சுக்கிட்டே, "மச்சி, ஒரு சின்ன வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம்னு இருக்கேன். ரெட் ஸ்விட்சா, ப்ரவுனா? நீயே சொல்லிடு"ன்னான். நாள் முழுக்க இமேக்ஸ்ல வேலை பார்க்கறவன். சாயங்காலம் ஆனா அந்த ஒரு விரல் மட்டும் விண் விண்ணுன்னு வலிக்குதாம்.

நான் யோசிக்கவே இல்ல. "ப்ரவுன் வாங்கு"ன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் உறைச்சது. அவன் விரலைப் பத்திக் கேட்டிருக்கான், நான் கலரைப் பத்திப் பதில் சொல்லியிருக்கேன். சரியான பதில் சொல்லணும்னா 1976-க்குப் போகணும். இந்த எபிசோடு அந்தப் பயணம்தான்.

1976-ல் அமெரிக்காவில் லியர் சீக்லர் என்ற நிறுவனம் ஏ.டி.எம்.-3ஏ என்றொரு டெர்மினலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுக்குள்ள கம்ப்யூட்டர் கிடையாது. திரையும் விசைப்பலகையும் மட்டும்தான், கம்ப்யூட்டர் வேற எங்கேயோ இருக்கும். விலை குறைவு என்பதால் பல்கலைக்கழகங்கள் நிறைய வாங்கின. பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய், வி.ஐ. எடிட்டரை எழுதியது இந்த டெர்மினலில்தான். அதன் விசைகளைப் பார்த்தா இன்னைக்கு நமக்குப் பல மர்மங்கள் விலகும். தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் ஆகிய நாலு எழுத்து விசைகள் மேலேயே அம்புக்குறி அச்சடிச்சிருக்கும். விம்ல நாம கர்சரை நகர்த்த அந்த நாலு எழுத்தைத் தட்டறோமே, அதுக்குக் காரணம் இதுதான், பெரிய தத்துவம் எதுவும் இல்ல. ஹோம் என்ற சொல்லும் டில்டே குறியும் ஒரே விசையில் இருந்தன. யூனிக்ஸ்ல நம்ம ஹோம் டைரக்டரிக்கு டில்டே வந்த கதையும் அங்கிருந்துதான் தொடங்குது.

நம்ம கதைக்கு வேண்டியது வேறொரு விசை. இப்ப உங்க கீபோர்டுல கேப்ஸ் லாக் இருக்கற இடத்தில், ஏ எழுத்துக்குப் பக்கத்தில், ஏ.டி.எம்.-3ஏ-யில் இருந்தது கண்ட்ரோல். சுண்டுவிரலைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினா போதும், மணிக்கட்டு அசையவே வேண்டாம். அந்தக் காலத்து யூனிக்ஸ் ஆட்கள் கட்டளைகளை எல்லாம் கண்ட்ரோலோடு சேர்த்து அமைத்தபோது, அவர்கள் விரல் அங்கேதான் இருந்தது.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 83 விசை கீபோர்டிலும் கண்ட்ரோல் ஏ-க்குப் பக்கத்திலேயே இருந்துச்சு. மாறினது அதுக்கு அப்புறம் வந்த 101 விசை அமைப்பில். 1985-லிருந்து தயாரான, புகழ்பெற்ற மாடல் எம் அதைத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் ஏ பக்கத்துல கேப்ஸ் லாக் வந்து உட்கார்ந்தது, கண்ட்ரோல் கீழ் மூலைக்குப் போனது. ஐ.பி.எம். மேல முழுசாக் கோபப்படவும் முடியல. அவங்க வாடிக்கையாளர்கள் அலுவலகங்கள், தட்டச்சு செய்தவர்கள் டைப்ரைட்டரில் பழகியவர்கள். நம்ம ஊர்ல லோயர், ஹையர் பாஸ் பண்ணவங்களைக் கேட்டுப் பாருங்க, ஷிஃப்ட் லாக் இடது பக்கம் ஷிஃப்டுக்கு மேலதான் இருந்துச்சுன்னு சொல்வாங்க. அந்தப் பழக்கத்துக்கு மரியாதை கொடுத்தாங்க. அதுக்கான விலையைக் கொடுத்தது புரோகிராமர்களோட சுண்டுவிரல்.

இப்ப ஜப்பானுக்குப் போவோம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் எய்ட்டி வாடா என்றொரு கணினியியல் பேராசிரியர். கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் கீபோர்டும் மாறுவது அவருக்குப் பெரிய எரிச்சல். ஒரு மெஷின்ல கண்ட்ரோல் இங்க, இன்னொண்ணுல அங்க. எஸ்கேப் ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு இடம். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: புரோகிராம் எழுத உண்மையில் எத்தனை விசை தேவை? நம்பர் பேடைத் தூக்கினார். மேல் வரிசை ஃபங்ஷன் விசைகளைத் தூக்கினார். 90-களின் தொடக்கத்தில் அலெஃப் கீபோர்டு என்ற பெயரில் அந்த யோசனையை முன்வைத்தார். பி.எஃப்.யூ. என்ற ஜப்பானிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, 1996 டிசம்பரில் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு என்று வெளியிட்டது.

மொத்தம் 60 விசை. கண்ட்ரோல் பழையபடி ஏ-க்குப் பக்கத்தில். எஸ்கேப், ஒன்று என்ற எண்ணுக்கு இடது பக்கம். அழிக்கும் விசை ரிட்டர்னுக்கு நேர் மேலே, அதாவது வழக்கத்தை விட ஒரு வரிசை கீழே. அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்ல, எஃப்.என். விசையைப் பிடிச்சுக்கிட்டு வலது பக்க நிறுத்தக்குறி விசைகளைத் தட்டணும். இந்த அமைப்பு பெரும்பாலும் சன் நிறுவனத்தின் டைப் 3 கீபோர்டின் வழியில் வந்தது. இன்னைக்கு சந்தையில 60 சதவீத கீபோர்டுன்னு ஒரு வகையே இருக்கே, அதுக்கு இதை மூத்த அண்ணன்னு தாராளமாச் சொல்லலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது விசை எண்ணிக்கை இல்ல, கேபிள். அந்த முதல் மாடலுக்குக் கேபிளை மாத்தினா போதும், பி.சி., சன் வொர்க்ஸ்டேஷன், மேக் மூணுலயும் வேலை செய்யும். வாடா இதுக்கு ஒரு உவமை சொல்வார். அமெரிக்க மேற்கில் மாடு மேய்க்கும் கவ்பாய், குதிரை செத்துப் போனா அதை அங்கேயே விட்டுடுவான், ஆனா பாலைவனத்தில் நடந்தே போக வேண்டி வந்தாலும் சேணத்தைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் போவான். அவர் கணக்கில் குதிரை கம்ப்யூட்டர், சேணம் கீபோர்டு. மூணு வருஷத்துக்கு ஒருமுறை லேப்டாப்பைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கற நமக்கு இது இன்னும் நல்லாப் பொருந்துது.

சரி, ஸ்விட்ச் எங்கே? இங்கதான் ஒரு வேடிக்கை. மெக்கானிக்கல் ரசிகர்கள் கும்பிடற இந்தக் கீபோர்டின் முதல் பதிப்பு சாதாரண ரப்பர் மெம்பிரேன்! 2003-ல் வந்த புரொஃபஷனல் மாடலில்தான் டோப்ரே விசைகள் வந்தன. அதுவும் கறாராப் பார்த்தா மெக்கானிக்கல் இல்ல. மேலே ரப்பர் குமிழ், உள்ளே கூம்பு வடிவ ஸ்பிரிங், கீழே சர்க்யூட் போர்டு. அழுத்தும்போது ஸ்பிரிங் சுருங்கி மின்தேக்குத் திறன் மாறும், அதை வெச்சு விசை அழுந்தியதைக் கண்டுபிடிக்கும். உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. அந்த வரிசையில் எழுத்தே அச்சடிக்காத வெறும் விசைகளோடயும் ஒரு பதிப்பு உண்டு. ஆங்கில எழுத்து மட்டும் அச்சடிச்ச கீபோர்டில் தமிழ்99 தட்டறவங்க யாரும் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டாங்க, நாம ஏற்கெனவே அப்படித்தான் தட்டிக்கிட்டு இருக்கோம்.

நண்பன் கேட்ட ரெட், ப்ரவுன் எல்லாம் வேற பரம்பரை. ஜெர்மனியில் செர்ரி நிறுவனம் 80-களின் நடுவில் கொண்டுவந்த எம்.எக்ஸ். ஸ்விட்ச் குடும்பம் அது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடு. தண்டில் இருக்கும் சிறு கால் தகடுகளை விலக்கியே வைத்திருக்கும். தண்டு கீழே போனதும் அவை ஒன்றையொன்று தொடும். அந்தக் கால் எந்த வடிவம் என்பதில்தான் நிறத்தின் ரகசியம் இருக்கு. வழவழப்பான சரிவா இருந்தா ரெட், நடுவில் சின்ன மேடு இருந்தா ப்ரவுன், தண்டு இரண்டு துண்டாகிச் சொடக்குப் போட்டா ப்ளூ. ரெட்டுக்கும் ப்ரவுனுக்கும் மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர், விசை பதிவாவது 2 மில்லிமீட்டரில். அந்த மேட்டைத் தவிர, விரலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுமைதான். அடிப்படைக் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. விலை இறங்கினதுக்கும், சாலிடரிங் இல்லாம கழட்டி மாட்டும் போர்டுகள் பெருகினதுக்கும் அது பெரிய காரணம். ப்ளூ வாங்கறது உங்க இஷ்டம். ஆனா பக்கத்து டெஸ்க்ல நான் இருந்தா வேண்டாம்.

வயர்லெஸ் இந்தக் கதைக்குள்ள ரொம்ப லேட்டா வந்தது. ஹேப்பி ஹேக்கிங் வரிசையில் ப்ளூடூத் வந்தது 2016-ல், பின்பக்கம் இரண்டு ஏ.ஏ. பேட்டரிக்காக ஒரு திமிலோடு. 2019-ல் வந்த ஹைப்ரிடில் யு.எஸ்.பி.-யும் சேர்ந்தது, ஒரே கீபோர்டு நாலு கருவிகளோடு ஜோடி சேரும். முதல் மாடலில் கேபிள் செய்த வேலையை இப்ப ப்ளூடூத் செய்யுது. உள்ளேயே ஒட்டின லித்தியம் பேட்டரி இல்லையேன்னு நிறையப் பேர் அப்போ கேலி பண்ணாங்க. எனக்கு அது சரியான முடிவாத்தான் படுது. இருபது வருஷம் வெச்சுக்க வேண்டிய சேணத்துக்குள்ள, சில வருஷத்தில் சாகும் பேட்டரியை எதுக்குப் புதைக்கணும்? கடைசியா 2023-ல் வந்த ஸ்டூடியோ மாடலில், பி.எஃப்.யூ.வே டோப்ரேவை விட்டுட்டு எம்.எக்ஸ். வகை ஸ்விட்சுக்கு வந்துடுச்சு. கழட்டி மாத்தலாம். இரண்டு பரம்பரைக்கும் ஒருவழியா சம்பந்தம் ஆயிடுச்சு.

மறுநாள் ஆபீஸ் போனதும் நண்பன்கிட்ட, "நேத்து சொன்னதை மறந்துடு, எதுவும் வாங்காதே"ன்னேன். அவன் பழைய கீபோர்டிலேயே செட்டிங்ஸ்ல போய் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலா மாத்திக் கொடுத்தேன். ரெண்டு நிமிஷ வேலை, செலவு இல்ல. முதல் மூணு நாள் திட்டினான். நான் டாக்டர் இல்ல, அதனால டாக்டரைப் பார்க்கவும் சொன்னேன், பார்த்தான். இப்ப வலி குறைஞ்சிருக்குன்னு சொல்றான். எதனாலன்னு நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

நேத்து மறுபடி வந்தான். "மச்சி, விரல் ஓகே. இப்பச் சொல்லு, ரெட்டா ப்ரவுனா?" கழட்டி மாட்டற போர்டு ஒண்ணு வாங்கு, கண்ட்ரோல் இடத்தை மாத்த முடியுதான்னு முதல்ல பாரு, கலரை அப்புறம் பார்த்துக்கலாம்னேன். ரெட் வாங்கிட்டான். எனக்கு ப்ரவுன்தான் பிடிக்கும்.