கடித்தது விரியன், பழி நாகத்துக்கு

என் அத்தையைக் கண்ணாடி விரியன் கடித்தது 1984 கார்த்திகையில், தாராபுரம் பக்கம் எங்கள் கடலைக்காட்டில். பிடுங்கிப் போட்ட கொடிக் குவியலுக்கு அடியில் கையை விட்டார். எலி தேடி வந்த பாம்பு அங்கே படுத்திருந்தது. அத்தைக்கு அப்போது 24 வயது, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். மந்திரிக்கிற இடத்துக்குப் போகாமல் அப்பா நேராகக் கோயமுத்தூருக்குக் கார் பிடித்ததால் பிழைத்தார். ஈறில் ரத்தம் கசிந்தது, சிறுநீர் நின்றது. பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பியபோது மார்பில் பால் இல்லை. பயத்தில் வற்றிவிட்டது என்றார்கள்.

மாதவிடாயும் திரும்பவில்லை. அக்குளில் முடி உதிர்ந்தது, புருவம் மெலிந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்பார். நாலு வரி களை வெட்டினால் வரப்பில் படுத்துவிடுவார். சோம்பேறி என்று பெயர் வந்தது. இரண்டு வருடம் பார்த்துவிட்டு ஜோசியர் சொன்னார்: நாகதோஷம். முன் எப்போதோ பாம்பை அடித்த பாவமாம். செவ்வாய்க்கிழமைதோறும் புற்றுக்குப் பால். திருச்செங்கோட்டு மலைக்கு நடந்துபோய், பாறையில் செதுக்கிய பெரிய நாகத்துக்குக் குங்குமம் இட்டு வந்தார். ஆண் வாரிசு வேண்டுமென்று மாமா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது, அத்தையின் பக்கம் பேச எங்கள் வீட்டிலும் ஆளில்லை. தோஷம் என்ற சொல் எல்லார் வாயையும் அடைத்துவிட்டது.

கடித்தது விரியன். விரியன் வேறு குடும்பம், நாகம் வேறு குடும்பம். நாகத்தின் விஷம் முக்கியமாக நரம்பை முடக்கும். கண்ணாடி விரியனுடையது ரத்தத்தைக் குலைக்கும். இந்த வித்தியாசம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். தோஷம் என்று வந்தால் மட்டும் எல்லாப் பாம்பும் நாகமாகிவிடும்.

அத்தைக்கு என்ன நடந்தது என்று நான் தேடத் தொடங்கியதே என் உடம்பின் வழியாகத்தான். 2012இல் எனக்கு மூன்றாவது முறை கரு கலைந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர் வெனம்' என்று ஒரு வரி இருந்தது. ஆய்வகப் பெண்ணிடம் கேட்டேன். கண்ணாடி விரியன் விஷம்தானுங்க அக்கா என்றாள். ரத்தம் உறைகிற சங்கிலியை அந்த விஷம் நடுக்கண்ணியில் நேராகப் போய்த் தூண்டும். மிக நீர்த்த விஷத்தைப் பிளாஸ்மாவில் விட்டு, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். தாமதமானால், கருவைக் கலைக்கக்கூடிய ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மேலும் சோதிப்பார்கள். பாம்பின் விஷப் புரதங்கள் பல, சாதாரண உடல் புரதங்களிலிருந்தே பரிணமித்தவை. நம் ரத்தத்தின் பூட்டுக்கு அதனிடம் சாவி இருப்பது அதனால்தான். அந்தச் சாவியை எலிக்காக அது தீட்டிவைத்திருந்தது. கடலைக்காட்டில் குந்தி வேலைசெய்கிற பெண்ணின் கை இடையில் போய்விடுகிறது.

ரஸ்ஸல் யார் என்று படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைபார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் புத்தகம் போட்டார். கோழிக்கும் நாய்க்கும் விஷம் ஏற்றிப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் இந்தப் பாம்புக்கு இருக்கும் பெயர் தெலுங்குப் பெயர், 'கட்டுக ரேகுல பொட'. மறு ஆண்டே லண்டனில் அதற்கு ரஸ்ஸலின் பெயரை வைத்துவிட்டார்கள்.

அங்கிருந்து தாவித் தாவிப் படித்ததில் 1987ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. பர்மிய மருத்துவர்களும் டேவிட் வாரல் என்ற ஆங்கில மருத்துவரும் சேர்ந்து எழுதியது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு மூளையின் அடியில் இருக்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி ரத்தக்கசிவால் செத்துவிடுகிறது. பால் சுரக்க, மாதவிடாய் வர, தைராய்டு இயங்க, உடம்பு சோர்ந்துவிடாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் கட்டளை போகிற இடம் அது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிய பெண்களிடம் இதே நிலையை ஷீஹான் என்ற மருத்துவர் 1937லேயே விவரித்திருந்தார். படிக்கப் படிக்க என் அத்தையின் புருவம்தான் கண்ணில் நின்றது. ஆண்களுக்கும் இது வரும். ஆனால் தாடி உதிர்ந்த ஆணை யாரும் புற்றுக்கு அனுப்புவதில்லை.

அத்தை கடிபட்டு மூன்று வருடத்தில் அச்சான கட்டுரை. 28 வருடம் கழித்து நான் படிக்கிறேன். இடையில் அத்தையைப் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கடைசியாக எப்போது குளித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாம்பு கடித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோவையில் நான் கூட்டிப்போன ஹார்மோன் டாக்டர், ஒரு பெண், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போச்சா என்று முதலில் கேட்டார். இல்லீங்க என்றார் அத்தை. கையை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார்: 'இதுல விரியன் கடிச்சதுங்க.'

அத்தையைக் காப்பாற்றிய மருந்தும் பாம்பிடமிருந்து வந்ததுதான். சிறிது சிறிதாக விஷம் ஏற்றிய குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் அங்கிருந்தே போயிருக்கிறது. வளை பார்த்து, தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கிற அறிவு அந்தப் பெண்களுக்கும் உண்டு. சங்கத்தில் அவர்களும் உறுப்பினர்கள். 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு மகிழ்ச்சிதான், கூடவே அந்தப் பெண்களின் முகங்களையும் தேடினேன். ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவதையும் இப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். செங்கல்பட்டு பக்கத்து விஷத்தை வைத்துச் செய்த மருந்து எல்லா ஊருக்கும் ஒரேபோல் கேட்காது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனிக் கடியும் சாவும் பதிவாகும். பிழைத்து வந்தவளுக்கு நின்றுபோன தூரத்தை யார் எந்த ஏட்டில் எழுதுவார்கள்?

அத்தைக்குக் காலையில் இரண்டு மாத்திரை, அவ்வளவுதான். ஒன்று ஸ்டீராய்டு, ஒன்று தைராய்டுக்கு. விலை மலிவு. மூன்றே வாரத்தில் போர்வையை மடித்து வைத்தார். மாமா அதற்கு ஆறு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுவதை மட்டும் அத்தை நிறுத்தவில்லை. இனி எதுக்குங்க அத்தை, பாம்பு பால் குடிக்காது என்றேன்.

'தெரியும் அம்முணி. நான் பண்ணாத பாவத்தை என் தலையில கட்டுனாங்கல்ல, அது கடிக்காத கடிய அதும் தலையில கட்டிட்டாங்க பாரு' என்று சொல்லிவிட்டுச் சொம்பைக் கழுவப் போனார்.