வபார்: ஆத் நகரைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த விண்கல்

சவூதி அரேபியாவின் தெற்கே ‘ருபுஉல் காலி’ எனும் பெரும் பாலைவனம் உள்ளது. அதன் நடுவே ‘அல்-ஹதீதா’ என்றோர் இடம். அரபியில் ஹதீத் என்றால் இரும்பு. ஒட்டகம் அளவுக்கு ஓர் இரும்புப் பாளம் அங்கே மணலில் கிடக்கிறது என்று அங்குள்ள நாடோடி அரபிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். வானத்து நெருப்பால் எரிந்துபோன ‘வபார்’ நகரமும் அதுதான், அது ஆத் சமூகத்தாருடையது என்பதும் அவர்கள் பேச்சு.

இதைக் கேட்டுப் புறப்பட்டவர் ஹாரி செயிண்ட் ஜான் ஃபில்பி. இலங்கையின் பதுளையில் 1885இல் பிறந்த ஆங்கிலேயர். மன்னர் அப்துல் அஜீஸின் ஆலோசகர். 1930இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பெற்றவர். 1932 பிப்ரவரியில் அவர் அங்கே சென்றடைந்தபோது கோட்டையும் இல்லை, சுவரும் இல்லை. மணலில் பெரும் பள்ளங்களும், அவற்றைச் சுற்றிக் கருகிய கசடும்தான் இருந்தன. எரிமலையோ என்று எண்ணினார். சிதறிக் கிடந்த கருநிற உருண்டைகளை, ஆத் சமூகப் பெண்களின் முத்துக்கள் என்று உடன் வந்தவர்கள் பொறுக்கிக் கொண்டார்கள்!

அவர் எடுத்துச் சென்ற சுமார் 11 கிலோ இரும்புத் துண்டு லண்டனில் ஆராயப்பட்டது. அதில் நிக்கல் கலந்திருந்தது. அது விண்கல். விழுந்த வேகத்தின் வெப்பத்தில் மணல் உருகிக் கண்ணாடியானதே அந்த ‘முத்துக்கள்’. ஒட்டக அளவுப் பாளம் என்ற பேச்சிலும் உண்மை இருந்தது. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள துண்டு 1960களில் மணலிலிருந்து வெளிப்பட்டு, பின்னர் ரியாத் கொண்டுவரப்பட்டது.

ஆனால் ‘ஆத் நகரம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று படத்துடன் வரும் செய்திகளைப் பகிருமுன் நாம் சற்று நிற்க வேண்டும். ஆத் சமூகம் காற்றால் அழிக்கப்பட்டதாகத்தானே திருக்குர்ஆன் கூறுகிறது? ஏழு இரவுகளும் எட்டுப் பகல்களும் வீசிய கடுங்காற்று என்று ‘அல்ஹாக்கா’ அத்தியாயம் தெளிவாகவே சொல்கிறது. நெருப்பு என்று சொல்லவில்லை. மேலும், உருகிய மணற்கண்ணாடியை ஆராய்ந்தவர்கள், இந்தக் கல் விழுந்து சில நூறு ஆண்டுகளே ஆகியிருக்கலாம் என்கின்றனர். நபி ஹூத் (அலை) அவர்களின் காலம் எங்கே, இது எங்கே? எரிந்த தடயத்தை வைத்துக் கதை பின்னியது மக்கள்தான். வேதத்துக்குச் சான்று தேடுகிறோம் என்ற ஆர்வத்தில், வேதம் சொல்லாததை அதன் மீது ஏற்றிவிடுகிறோம்.

இன்று விண்கல் தேடுவோர் பெரிதும் நாடுவது மணல்மேடுகளை அல்ல. ஓமானின் ஜித்தத்துல் ஹராஸிஸ் போன்ற வெளிறிய சரளைச் சமவெளிகளைத்தான். கருகிய தோலுடைய கல் அங்கே தூரத்திலிருந்தே கண்ணில் படும். மழை குறைவு என்பதால் துருவும் மெதுவாகவே ஏறும். நிலவிலிருந்து சிதறி வந்த கல்லொன்றும் 2002இல் ஓமானில் கிடைத்தது. காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஆய்வாளர்கள் விரும்புவதில்லை. கல்லில் பதிந்துள்ள தொன்மையான காந்தப் பதிவு அதனால் அழிந்துவிடுகிறது. கிடந்த இடத்தைக் குறிக்காமல் எடுத்த கல்லுக்கும் ஆய்வில் மதிப்புக் குறைவு. அரசின் அனுமதியின்றித் தேடுவது அமானிதத்துக்கும் முரண், சட்டத்துக்கும் முரண். 2011இல் வெளிநாட்டவர் இருவர் ஓமானில் இதற்காகச் சிறை சென்றனர்.

ஃபில்பி பார்த்தபோது வபாரின் பெரிய பள்ளம் சுமார் 12 மீட்டர் ஆழம் இருந்தது. 1982இல் 2 மீட்டரே எஞ்சியிருந்தது. மீதியை மணல் மூடிவிட்டது.