ஊசியும் எழுத்தும்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ஓராண்டு இடைவெளியில் இரண்டு விடுதிப் பள்ளிகளைத் தொடங்கியது: 1823-இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு, 1824-இல் உடுவிலில் பெண்களுக்கு. உடுவில் பள்ளியை நிறுவியவர் ஹேரியட் வின்ஸ்லோ. மிஷன் ஒன்றுதான், பாடத்திட்டம் வேறு வேறு. வட்டுக்கோட்டையில் ஆங்கிலம், அல்ஜீப்ரா, வானியல். உடுவிலில் வேதாகமம், தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், கூடவே தையல். கிறிஸ்தவரான இளைஞர்களுக்கு ஏற்ற மனைவியரை உருவாக்குவது பெண்கள் பள்ளியின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

அதன் விளைவு 1857-இல் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். உடுவிலில் படித்த எந்தப் பெண்ணாலும் அன்று அந்தத் தேர்வை எழுதியிருக்க முடியாது.

ஆனால் எழுத்தறிவு, அதைக் கொடுத்தவர்கள் போட்ட எல்லைக்குள் அடங்கவில்லை. உடுவிலில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய எலைசா அக்னியூவின் மாணவிகள் பலர் தாங்களே ஆசிரியைகள் ஆனார்கள். நல்ல மனைவியாக்கக் கொடுத்த படிப்பு, அவர்களை வகுப்பறையில் கரும்பலகையின் முன் நிறுத்தியது. பள்ளிகளின் வரலாற்றை எழுதும்போது பட்டதாரிகளின் பெயர்களை மட்டும் எண்ணினால், இந்த ஆசிரியைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.