மூன்று முனைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கட்டார் நாட்டில் ஏழு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய என் அக்காள் மகன், சென்ற மாதம் அரநாயக்கவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ஒரு காரு பாத்திருக்கேன். மஸ்டா ஆர்எக்ஸ் எட்டு. வெல ரொம்பக் கொறைவா சொல்றாங்க. நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்" என்றான்.

விலை குறைவு என்ற சொல்தான் என்னை உறுத்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டை வானுக்கும் தங்க விலை கேட்ட நாடு இது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு விளையாட்டுக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதற்கொரு சரித்திரம் இருக்க வேண்டும். இருக்கிறது. அது எழுபது ஆண்டுச் சரித்திரம்.

முதலில் என் சொந்தக் கதை. தொண்ணூறுகளின் இறுதியில், பத்திரிகைச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை வாங்கினேன். தோட்டத்துரைமார் சிறிய இரட்டை ஆசனக் கார்களில் மண் பாதையைக் கிழித்துக்கொண்டு போவதையும், ஏப்ரல் பருவத்தில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கு நுவரெலியா புறப்படுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆசை விடவில்லை. விற்றவர், "தண்ணி மட்டும் அடிக்கடி பாத்துக்கங்க" என்றார். அதை அறிவுரை என்று எடுத்துக்கொண்டேன். அது ஒப்புதல் வாக்குமூலம் என்பது கடுகண்ணாவ ஏற்றத்தில், டோசன் கோபுரத்துக்குச் சற்றுக் கீழே, மூடியிலிருந்து நீராவி சீறியபோதுதான் விளங்கியது. ஹெட் கஸ்கட் போய்விட்டிருந்தது. அந்த வகை இயந்திரத்துக்கு அது ஊரறிந்த நோய் என்று கராஜ்காரர் பின்னர் சொன்னார். ஊரறிந்த நோயை வாங்குபவன் மட்டும் அறியாதிருப்பது புதுமையல்ல.

இனி ஆர்எக்ஸ் எட்டின் கதைக்கு வருவோம்.

சாதாரண இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ஜேர்மனியரான பெலிக்ஸ் வான்கெல் நினைத்தது வேறு. முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடை ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் சுற்றிச் சுற்றி வரவேண்டும். அதன் மூன்று பக்கங்களிலும் உறிஞ்சலும் அழுத்தமும் எரிதலும் வெளியேற்றமும் தொடர்ந்து நிகழவேண்டும். முதல் மாதிரி 1957 பெப்ரவரியில் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது. வால்வு கிடையாது, அதிர்வு மிகக் குறைவு. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளும் சுவரை உரசிக்கொண்டே காற்றை அடைத்து வைத்திருக்க வேண்டும். அங்கே பொருத்தப்படும் மெல்லிய உலோகப் பட்டைதான் ஏபெக்ஸ் சீல். முனை அடைப்பு எனலாம். இயந்திரத்தின் உயிர் விரல் நீளமுள்ள அந்தப் பட்டையில் தொங்கியது.

1967இல் என்எஸ்யு வெளியிட்ட ஆர்ஓ 80 என்ற அழகிய கார் அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் எனப் பரிசு பெற்றது. பரிசின் ஈரம் காயுமுன் இயந்திரங்கள் படுக்கத் தொடங்கின. முனை அடைப்புகள் தேய்ந்தன. நிறுவனம் கணக்குப் பாராமல் புதிய இயந்திரங்களைப் பொருத்திக் கொடுத்தது. வீதியில் எதிர்ப்படும் ஆர்ஓ 80 சாரதிகள், தமக்கு எத்தனை இயந்திரம் மாறிற்று என்பதை விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்கள் என்றொரு கதை உண்டு. 1969இல் என்எஸ்யு வொக்ஸ்வாகன் குடைக்குள், அவுடியின் முன்னோடியோடு இணைக்கப்பட்டது.

அதே காலத்தில் ஹிரோஷிமாவில், டோயோ கோக்யோ என்ற பெயரில் இயங்கிய மஸ்டா, அதே உரிமத்தை வாங்கிவைத்துத் திணறிக்கொண்டிருந்தது. கெனிச்சி யமமொட்டோ என்ற பொறியியலாளர் தலைமையில் 47 பேர் அமர்த்தப்பட்டனர். சோதனை இயந்திரங்களைப் பிரித்தால், உட்சுவரில் அலையலையான கீறல்கள். "பிசாசின் நகக்கீறல்" என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். முனை அடைப்பு சுவரில் வழுக்காமல் அதிர்ந்து அதிர்ந்து குத்தியதால் வந்த வடு அது. எத்தனையோ பொருட்களைப் பரீட்சித்து, கரியில் அலுமினியத்தைச் செலுத்திய ஒரு கலவையில் வழி கண்டார்கள். 1967 மே மாதம் கொஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. 1978இல் ஆர்எக்ஸ் 7. 1991 ஜூனில் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தையே அந்தச் சுழல் இயந்திரம் வென்றது. 84 இல் நிறுவனத் தலைவராகவே ஆகிவிட்டிருந்தார் யமமொட்டோ.

நோய் தீர்ந்ததா? இல்லை, தள்ளிப்போடப்பட்டது. 2003இல் வந்த ஆர்எக்ஸ் 8 இயந்திரத்துக்கு அவ்வாண்டே உலக விருது கிடைத்தது. சில ஆண்டுகளில் அழுத்தம் குறைகிற முறைப்பாடுகள் வரவே, வட அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மாதிரிகளின் இயந்திர உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது ஒரு இலட்சம் மைலாக நிறுவனமே நீட்டியது. தன் பிள்ளையின் குறையைத் தாயே ஒத்துக்கொண்டதுபோல. 2012இல் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் வயது போனது.

நமது விளம்பரங்களில் 1300 சிசி என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை; 654 சிசி கொண்ட இரண்டு சுழலிகள். அதை நம்பிச் சிறிய காரின் பெற்றோல் செலவை மனதில் வைத்து வாங்கியவர்கள் பிறகு பட்டபாட்டைக் கேட்டிருக்கிறேன். இன்னொன்று: இந்த இயந்திரம் முனைகளுக்கு எண்ணெயிடுவதற்காக ஒயிலை வேண்டுமென்றே சிறிது சிறிதாக எரிக்கும். அது கோளாறல்ல. ஒயில் மட்டத்தைப் பார்க்காத உரிமையாளர்தான் கோளாறு.

மருமகனுக்கு இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே: "அப்ப வாங்கலாமா, வேணாமா?" அந்தப் பணத்தில் பாதி, லயத்தை விட்டு வெளியேறி ஒரு துண்டுக் காணி வாங்க அக்கா எண்ணி வைத்திருப்பது. 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்ததைப் பார்த்த ஊர் அரநாயக்க. சரிவில்லாத காணி என்பது அங்கே ஆடம்பரமல்ல. ஆகவே பதில் சொல்லாமல், பஸ் ஏறி மாவனெல்லயில் போய் இறங்கினேன்.

விற்பவர் ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர். அவரது வீட்டில் கார் நின்றபோது பொன்னெற்றைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. நல்லது. முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. ஆனால் குளிர்ந்த இயந்திரம் உயிர்பெறுவது எதையும் நிரூபிக்காது. தேய்ந்த சுழல் இயந்திரத்தின் குட்டு, சூடேறிய பின்னர்தான் உடையும். ஆகவே அரநாயக்கவுக்கு ஏறும் வளைவு வீதியில் அரைமணிக்கு மேல் ஓட்டச் செய்து, மேலே ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்தி அணைத்தோம். பத்து நிமிடம். சூட்டில் ஒயில் மெலிந்து அடைப்பு தளர்ந்திருக்கும் நேரம் அது.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மருமகன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

சாவியைத் திருப்பியதும் கார் உடனே உறுமியது. அவன் முகம் மலர்ந்தது. நான் மலர விடவில்லை. வலுக்கூடிய ஸ்டார்ட்டரைப் பொருத்தி இந்தச் சோதனையை ஏமாற்ற முடியும். கடைசி வார்த்தை அழுத்தமானியுடையது. அதிலும் சாதாரண மானி போதாது. அது ஒரு சுழலியின் மூன்று முகங்களுள் பலமான ஒன்றை மட்டும் காட்டிவிட்டுப் பலவீனமானதை மறைத்துவிடும். மூன்றையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும். நிமிடத்துக்கு 250 சுழற்சியில் எந்த முகமும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது என்பது தயாரிப்பாளர் வகுத்த எல்லை. அதற்குக் கீழென்றால், நீங்கள் வாங்குவது கார் அல்ல. பிரித்துக் கட்டவேண்டிய ஓர் இயந்திரமும் அதைச் சுற்றியுள்ள தகரமும். விலையும் அதற்கேற்றதாக இருக்கவேண்டும்.

விற்பவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கைப்பெட்டியைத் திறந்து மூலை மடிந்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில், எவ்வளவு ஒயில் ஊற்றினார் என்று தொழிற்சாலைப் பதிவேடு போலவே வரி வரியாக எழுதியிருந்தது. இடையில் இரண்டு மாதம் வெறுமையாக இருந்தது. கேட்டேன். "ஆஸ்பத்திரியில இருந்தேன். காரு ஓடல" என்றார்.

சனிக்கிழமை கண்டியில் ஒரு கராஜில் அளந்து பார்ப்பதென முடிவாயிற்று. முற்பணம் கொடுக்கக் கையைச் சட்டைப்பைக்குள் விட்ட மருமகன், என்னைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எடுத்தான்.

"அளந்த பொறவு தர்றேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் சனிக்கிழமை வரை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டான்.