அறுபதாம் பதிப்பிலும் திருத்தம்

பி.எட். படித்தவர்கள் எல்லோரும் பாடக்குறிப்பு எழுதியிருப்போம். நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கையெழுத்து வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடும். உயிருள்ள பாடக்குறிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது, 1855-இல் கல்கத்தாவில் வெளிவந்த ஒரு மெல்லிய வங்காள அரிச்சுவடி. ‘வர்ண பரிசய்’ என்று பெயர். எழுத்து அறிமுகம் என்று பொருள்.

எழுதியவர் ஈசுவர சந்திர வித்யாசாகர். அப்போது சமஸ்கிருதக் கல்லூரி முதல்வர். அதே ஆண்டில் ஹூக்ளி, பர்த்வான், மேதினிப்பூர், நதியா மாவட்டப் பள்ளிகளைப் பார்வையிடும் பொறுப்பும் அவரிடம் வந்தது. பள்ளி பார்க்கப் பல்லக்கில் போகும் வழியிலேயே இதை எழுதினார் என்று வங்காளத்தில் சொல்வார்கள். முதல் பாகம் ஏப்ரலில் வந்தது, இரண்டாம் பாகம் ஜூனில்.

பாடத்துக்கு முன் அவர் செய்தது களையெடுப்பு. வடமொழி வழக்கப்படி உயிர் வரிசையில் நின்ற நெடில் ‘ரூ’, நெடில் ‘லூ’ இரண்டும் வங்காளத்துக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்டார். அதே வரிசையில் இருந்த அனுஸ்வாரம், விசர்க்கம் என்ற ஒலிக்குறிகள் மெய் வரிசைக்குப் போயின. ‘க்ஷ’ கூட்டெழுத்துதானே என்று அதையும் நீக்கினார். அவர் பட்டியலில் நின்றவை 12 உயிர், 40 மெய். குழந்தை சுமக்க வேண்டியதை மட்டும் அதன் தோளில் வைப்பது என்பது இதுதான்.

பிறகு முதல் பாகத்தின் வரிசை: குறி எதுவும் சேராத சின்னச் சொற்கள், அடுத்து உயிர்க்குறிகள் ஒவ்வொன்றாக, அதன்பின் குட்டி வாக்கியங்கள், கடைசியில் சொன்னதைக் கேட்கும் கோபாலும் கேட்காத ராக்காலும் என்று இரண்டு சிறுவர்களைப் பற்றிய பாடங்கள்.

இரண்டாம் பாகம் முழுக்கக் கூட்டெழுத்து. நமக்குப் புள்ளி இருப்பதால் அந்தத் தொல்லை தெரியாது. வங்காளத்தில் இரண்டு மூன்று மெய்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புது உருவம் எடுத்துவிடும். ‘மாணிக்ய’ என்ற சொல்லில் ‘க்’கும் ‘ய’வும் ஒட்டி நிற்பதைப் பிரித்துப் பார்க்கக் குழந்தை பழக வேண்டும். இந்தப் பாகத்தின் சிறு முன்னுரையை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆசிரியர்களே, இங்கே எழுத்தைப் பிரிக்க மட்டும் கற்றுக்கொடுங்கள், பொருள் சொல்ல முயலாதீர்கள், முயன்றால் குருவுக்கும் சீடனுக்கும் கஷ்டம் என்கிறார். சொற்களையே அடுக்கிக்கொண்டு போனால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும், அதனால் நடுநடுவே கதைப் பாடங்கள் வைத்திருக்கிறேன் என்றும் சொல்கிறார். இன்று எதைக் கற்றுத்தரப் போவதில்லை என்று எழுத நம் படிவத்தில் கட்டமே கிடையாது. எந்த நிமிடத்தில் பிள்ளைக்கு அலுக்கும் என்று கேட்கும் கட்டமும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் வகுப்புக்குள் போகிற திட்டம் பத்தாவது நிமிடத்திலேயே படுத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் வீடு வீடாகப் பரவியது. தலைமுறை தலைமுறையாக வங்காளப் பிள்ளைகள் அதில்தான் எழுத்துக் கூட்டினார்கள். எழுதியவரோ அதை அத்தோடு விட்டுவிடவில்லை. 20 ஆண்டு கழித்து, 1875-இல், 60-ஆம் பதிப்புக்குப் புது முன்னுரை எழுதினார். பிள்ளைகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ‘அ’, ‘ஆ’ என்று சொல்லாமல், ‘ஸ்வரத்தின் அ’, ‘ஸ்வரத்தின் ஆ’ என்று நீட்டிச் சொல்கிறார்கள், அதை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்னொரு சிக்கலும் இருந்தது: எழுத்தை மட்டும் பார்த்தால் கடைசி ஒலி மெய்யா அகரமா என்று சில சொற்களில் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் அகரத்தில் முடிவதாக உச்சரிக்க வேண்டிய சொற்களின் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டுவைத்தார்.